டீச்சர் கையில் விழுந்த எட்டு

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவனுக்கு இருந்தது. ஆனால் அது அடையாள அட்டையோடு சரி. தெருவில் அவனை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். பச்சை குத்துகிறவனுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்?

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, சாவி செய்கிறவர் கடைக்கும் செல்போன் பழுதுபார்க்கிற கடைக்கும் நடுவில் இருந்தது அவனுடைய டாட்டூ கடை. மொத்தம் இரண்டே அறை. முன் அறை அவன் அக்காவின் ராஜ்ஜியம். யார் எப்போது வர வேண்டும் என்று நோட்டில் குறிப்பது, வந்தவர்களிடம் மனசு மாறாதா என்று இரண்டு தடவை கேட்பது, பிறகு தாளில் கையெழுத்து வாங்குவது எல்லாம் அவள் வேலை. அவளைத் தாண்டி யாரும் பின் அறையில் கால் வைக்க முடியாது. பின் அறையில் சாய்வு நாற்காலி, வளைகிற விளக்கு, மைப் புட்டிகள், ஊசி.

பதினோரு வருஷத் தொழிலில் அவன் ஒரு எழுத்தைக்கூடத் தப்பாகக் குத்தியதில்லை. மற்ற கடைகளில் காதலி பேரைப் பிழையாகக் குத்திக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் அவன்தான் அதை இலையாகவும் கொடியாகவும் மாற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். "எங்க ஆளு கை தவறாது" என்று அக்கா வாசலில் நின்று சொல்வாள். அவன் கேட்காதது மாதிரி இருப்பான். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கணக்கு டீச்சர் ஒருத்தர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு, விரல்களில் சாக்பீஸ் தூள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அக்கா முன்னால் விரித்தார். அதில் ஒரு எண் இருந்தது. முப்பத்தொன்பது இலக்கம்.

அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தாள், தலைகீழாகப் பார்த்தாள். "இது யாரு போன் நம்பருங்க, இவ்ளோ நீளமா?"

"போன் நம்பர் இல்லைங்க. பகா எண்."

"அப்படின்னா?"

"ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாத எண். ஏழு மாதிரி, பதிமூணு மாதிரி. இது கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்."

"கல்யாண நாளுக்கு நகை வாங்கிக்கன்னு வீட்டுக்காரர் சொன்னார், எனக்கு இதுதான் வேணும்னு சொல்லிட்டேன்" என்று டீச்சர் சேர்த்துச் சொன்னார். அக்காவுக்கு நகை என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. நகையை விட்டுவிட்டு நம்பரைக் கேட்கிற பெண்ணை அவள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். மனசு மாறாதா என்று வழக்கத்துக்கு மாறாக மூன்று தடவை கேட்டுவிட்டு, சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குறித்துக்கொண்டாள்.

ஊசிக்கு எண்கள் என்றால் ஒரு தனிப் பிரியம் உண்டு. பூவும் பறவையும் யார் வேண்டுமானாலும் வரையலாம், ஒரு நல்ல ஐந்தை வரைவது லேசுப்பட்ட காரியமில்லை என்பது அவன் கட்சி. அதனால் அச்சு எழுத்தை நகல் எடுக்காமல், பத்து இலக்கங்களையும் அவனே வரைந்தான். மெலிந்த ஒன்று, வயிறு பெருத்த ஆறு, கழுத்து நீண்ட இரண்டு. முழங்கைக்குக் கீழே உள்பக்கம், மூன்று வரி, வரிக்குப் பதிமூன்று. முப்பத்தொன்பது கச்சிதமாக உட்கார்ந்தது.

சனிக்கிழமை டீச்சர் வந்ததும், ஊதா மையில் வரைந்த தாளைக் கையில் ஒற்றி எடுத்தான். தோலில் ஊதாக் கோடுகள் பதிந்தன. அதன் மேல்தான் ஊசி ஓடும்.

"ஒவ்வொரு இலக்கமா பாத்துச் சொல்லுங்க டீச்சர். குத்தினப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

டீச்சர் தாளைப் பார்க்கவே இல்லை. கையைப் பார்த்துக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்து, மனப்பாடமாகச் சொல்லிச் சரிபார்த்தார். எல்லாம் சரி. அவன் வழக்கம்போல ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினான்.

வலிக்கும்போது சிலர் பல்லைக் கடிப்பார்கள், சிலர் பாட்டுக் கேட்பார்கள். டீச்சர் பேசினார்.

"இந்த எண் எப்படி வருது தெரியுமா? இரண்டை நூத்தி இருபத்தேழு தடவை எழுதிப் பெருக்கி, அதுல ஒண்ணைக் கழிச்சா இது."

"அப்படிக் கழிச்சா எப்பவும் பகா எண் வருமா?"

"அதுதான் வராது. பெரும்பாலும் ஏமாத்திடும். எப்பவாவது ஒண்ணு இப்படி மாட்டும். இதைக் கண்டுபிடிச்ச காலத்துல கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு மனுஷன் கையாலயே கணக்குப் போட்டு, இதை எதாலயும் வகுக்க முடியாதுன்னு காட்டினார். அதுக்கப்புறம் எழுபத்தஞ்சு வருஷம், இதைவிடப் பெரிய பகா எண் ஒண்ணு யாருக்குமே தெரியாது."

ஊசி ஊசியை நிறுத்தினான். "எழுபத்தஞ்சு வருஷமா?"

"எழுபத்தஞ்சு."

அவன் மறுபடி குனிந்தபோது ஒவ்வொரு இலக்கத்தையும் சற்று மரியாதையோடு குத்தினான்.

இரண்டாவது வரிக்கு வந்தபோது டீச்சர் தன் வகுப்புக் கதைக்குப் போய்விட்டார். போன மாதப் பரீட்சையில் 'பகா எண் என்றால் என்ன?' என்ற கேள்விக்கு ஒரு பையன், 'யாரோடும் பங்கு போட்டுக்கொள்ளாத எண்' என்று எழுதியிருந்தானாம். "முழுசா தப்புன்னும் சொல்ல முடியல. அரை மார்க் போட்டேன். நேரா என்கிட்ட வந்து, 'பகா எண் பத்திக் கேட்டுட்டு மார்க்கை மட்டும் வகுத்துட்டீங்களே டீச்சர்'னு சண்டை போட்டான்."

ஊசி சிரித்துவிட்டான். டீச்சரும் சிரித்தார். சிரிப்பில் கை சற்று அசைந்தது. அவன் அதைப் பிடித்து நிறுத்தி, வழிந்த மையைக் கையுறை விரலால் ஒற்றி எடுத்துவிட்டு, அடுத்த இலக்கத்துக்குப் போனான்.

மூன்றாவது வரியில் டீச்சர் ஒரு வித்தையும் சொன்னார். "ஒரு எண்ணோட இலக்கமெல்லாம் கூட்டிப் பாருங்க. வர்ற கூட்டுத்தொகை மூணால வகுபட்டா அந்த எண்ணும் மூணால வகுபடும். இதுல கூட்டினா நூத்தி ஐம்பத்துநாலு வரும். மூணால போகாது. திங்கக்கிழமை முதல் பீரியட் என் கையைக் காட்டி, பிள்ளைங்களை இதைத்தான் கூட்டச் சொல்லப்போறேன்."

வேலை முடிந்தது. ஊசி கையைத் துடைத்து, இன்னொரு போட்டோ எடுத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அனுப்பிவைத்தான். டீச்சர் படியிறங்கும்போது கையை ஒரு குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணிக்கு வர வேண்டியவர் வரவில்லை. ஊசி டீச்சர் கையின் போட்டோவைச் சுவரில் மாட்டுவதற்காகப் பெரிதாக அச்செடுத்து மேசையில் வைத்திருந்தான். சும்மா இருக்கிற நேரத்தில் அந்த வித்தையைத்தான் போட்டுப் பார்ப்போமே என்று பென்சிலை எடுத்தான். முதல் வரி நாற்பது. இரண்டாவது வரி அறுபத்தொன்று. மூன்றாவது ஐம்பத்தெட்டு. ஆக நூற்று ஐம்பத்தொன்பது.

டீச்சர் சொன்னது நூற்று ஐம்பத்துநான்கு. எங்கேயோ கூட்டலில் கோட்டை விட்டோம் என்று கீழேயிருந்து மேலே கூட்டினான். நூற்று ஐம்பத்தொன்பது. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கும் அவனுக்கும் அவ்வளவாக ஒத்துப்போனதில்லை. அதனால் அக்காவைக் கூப்பிட்டான்.

அக்கா விரல்விட்டுக் கூட்டினாள். "நூத்தி ஐம்பத்தேழு."

"அக்கா, ஒழுங்கா கூட்டு."

"என்னைக் கேள்வி கேக்கிறியா? நீதான் பத்தாவதுல கணக்குல..." என்று தொடங்கியவள், மறுபடி கூட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நூற்று ஐம்பத்தொன்பது.

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். செல்போனில் முதல் போட்டோவைத் திறந்தான். ஊதாக் கோடு மட்டும் இருந்த, டீச்சர் சரி என்று சொன்ன போட்டோ. அச்செடுத்ததைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டான். முதல் வரி சரி. இரண்டாவது வரியில் ஒரு இடத்தில், போட்டோவில் மூன்று, கையில் எட்டு.

நடந்தது அவனுக்கே படம்போலத் தெரிந்தது. கை அசைந்தபோது ஊதா மை இழுபட்டுவிட்டது. மூன்றின் திறந்த பக்கம் மூடிக்கொண்டு எட்டு மாதிரி தெரிந்திருக்கிறது. அவனோ சிரிப்பும் தானுமாகக் கோட்டின்மேல் ஊசியை ஓட்டிவிட்டான். எட்டு என்றால் சாதாரண எட்டா, வளைவு நெளிவு குறையாத அருமையான எட்டு.

"அக்கா, இது மூணால வகுபடுது."

"வகுபட்டா என்ன, கை அறுந்தா போயிடும்?"

"பகா எண் இல்லக்கா இது. எழுபத்தஞ்சு வருஷம் அசைக்க முடியாம நின்ன எண்ணு. நான் ஒரே நாள்ல கவுத்துட்டேன்."

அக்கா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "இங்க பாரு தம்பி. அவங்க சரின்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. முப்பத்தொன்பது இலக்கத்துல எந்த மகராசன் உக்காந்து எண்ணப்போறான்?"

"நாளைக்கு முதல் பீரியட்ல நாப்பது பிள்ளைங்க உக்காந்து எண்ணப்போறாங்க."

அக்கா நோட்டைப் புரட்டி டீச்சரின் போன் எண்ணைத் தேடி அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மத்தியானம் அழைத்தாள், சாயங்காலம் அழைத்தாள். அதே கதை. செய்தி அனுப்பலாம் என்றாள். 'உங்கள் கையில் ஒரு எட்டு விழுந்துவிட்டது' என்று எழுதிப் பார்த்து, அவனே அழித்துவிட்டான். இதை எழுத்தில் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. அவன் எழுத்தில் செய்த தப்புதானே.

திங்கட்கிழமை காலை, இருப்பதிலேயே நல்ல முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான். முழுக்கை போட்டும் பிரயோஜனமில்லை. கழுத்தில் பச்சை குத்தியிருந்த ஒரு மீனின் வால் காலருக்கு மேலே எட்டிப் பார்த்தது. கேட்டில் வாட்ச்மேன் அந்த வாலையே பார்த்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"கணக்கு டீச்சரை."

"என்ன விஷயமா?"

"அவங்க கைல ஒரு தப்பு நடந்துபோச்சு. என்னாலதான்."

"என்னப்பா சொல்ற. என்ன ஆச்சு கைக்கு?"

"எட்டு போட்டுட்டேன்."

வாட்ச்மேனுக்கு முகம் வெளிறியது. "எட்டுத் தையலா?"

"தையல் இல்லைங்க. எட்டுதான். ஒரே ஒரு எட்டு."

"நீ யாருப்பா? உன் பேரு என்ன?"

பதற்றத்தில் வாய்க்கு வந்த பேரைச் சொன்னான். "ஊசி."

வாட்ச்மேன் அவனைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே போய் என்ன சொன்னாரோ தெரியாது, கிளார்க் ஒருத்தர் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார். அவருக்கு முதலிலிருந்து விளக்கி, அவர் சிரித்து முடித்து, பதிவேட்டில் பேர் எழுதி, மாடிப்படி எது என்று கேட்டு ஏறுவதற்குள் மணி அடித்துவிட்டது. ஊசி இரண்டிரண்டு படியாகத் தாவினான்.

வகுப்பு வாசலுக்குப் போனபோது காரியம் கைமீறிப்போயிருந்தது. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி டீச்சர் கையைப் பார்த்து இலக்கங்களைப் படித்து முடித்திருந்தாள். இன்னொருத்தி அதையெல்லாம் கரும்பலகையில் எழுதியிருந்தாள். டீச்சர் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். இரண்டு நாளாக அந்த எட்டு அவர் கண்ணிலும் படவில்லை, இப்போது அந்தப் பெண் படித்தபோது காதிலும் ஏறவில்லை. மனப்பாடமாகத் தெரிந்ததை யார் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள்? வகுப்பு முழுக்கக் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தது.

"என்ன வருது?" என்று கேட்டார் டீச்சர்.

"நூத்தி ஐம்பத்தொன்பது டீச்சர்."

"கூட்டல்ல கவனம் இல்ல. திரும்பக் கூட்டுங்க."

திரும்பக் கூட்டினார்கள். இந்தத் தடவை குரல்கள் ஒன்றுசேர்ந்து வந்தன. நூற்று ஐம்பத்தொன்பது.

"எல்லாருமா சேர்ந்து தப்பு பண்றீங்களா?"

கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சிலிருந்து ஒரு பெண் நிதானமாக எழுந்தாள். "டீச்சர், தப்பு பண்றதா இருந்தா ஆளுக்கு ஒரு விடை வரும். நாப்பது பேருக்கும் ஒரே தப்பு எப்படி வரும்?"

டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது வாசலிலிருந்து ஊசி சொன்னான்: "டீச்சர், பிள்ளைங்க கூட்டினது சரி."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். வாசலில் நிற்கிற ஆளின் முகத்தில் ஈயாடவில்லை. அவனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். முதல் வரியில் கண் ஓடியது. இரண்டாவது வரியில் நின்றது.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மூணால வகுபடுது" என்றார், யாரிடமும் இல்லாமல். "காலேஜ்ல சேர்ந்த வருஷம் மனப்பாடம் பண்ணின எண் இது."

ஊசிக்கு அந்தக் குரல் என்னவோ செய்தது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. உள்ளே வந்து, நாற்பது பிள்ளைகள் பார்க்க, மை இழுபட்டது முதல் கூட்டிப் பார்த்ததுவரை ஒன்றுவிடாமல் சொன்னான். "கவனம் என் பக்கம்தான் தப்பிப்போச்சு டீச்சர். சிரிச்சது நாம ரெண்டு பேரும். ஆனா ஊசி என் கைல இருந்தது."

டீச்சர் கையை அவன் பக்கம் நீட்டிக் கேட்டார்: "இதை அழிக்க முடியுமா?"

அவன் பதில் சொல்வதற்குள் வகுப்பு விழித்துக்கொண்டது. ஆளுக்கொரு யோசனை. எட்டின் ஒரு பக்கத்தைத் தோல் நிறத்தில் பூசிவிடலாம் என்றது ஒரு குரல். அந்த இடத்தில் ஒரு மச்சம் வைத்துவிடலாம் என்றது இன்னொன்று. அரை மார்க் வாங்கிய பையன் எழுந்து, "விட்டுடுங்க டீச்சர், பாதி சரிதானே" என்றான். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஊசி தலையை ஆட்டினான். "லேசர் வெச்சு அழிக்கலாம். ஆனா தழும்பு நிக்கும், பக்கத்துல இருக்கறதும் மங்கிப்போகும். எங்க தொழில்ல அழிக்கறதுங்கறதே கிடையாது டீச்சர். தப்பு வந்தா மேல இன்னும் கொஞ்சம் சேர்ப்போம். பேரு தப்பானா கொடியாக்குவோம், கொடி கோணினா பாம்பாக்குவோம்." சொல்லிக்கொண்டே வந்தவன் பலகையைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ தோன்றியது. கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினான். "நம்பருக்கும் அப்படிப் பண்ண முடியுமா? கடைசியில இன்னும் ஒண்ணு ரெண்டு இலக்கம் சேர்த்தா, இது பகா எண்ணா மாறுமா?"

டீச்சர் நிமிர்ந்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தில் சாக்பீஸ் டப்பா கீழே விழுந்தது.

"மாறலாம்" என்றார். "மாறாமயும் போகலாம். பாத்துடுவோம்."

அன்று அந்த வகுப்பில் நடந்த பாடம் எந்தப் புத்தகத்திலும் இருந்திருக்காது. ஒரு இலக்கம் சேர்ப்பதென்றால் எதைச் சேர்க்கலாம் என்று கேட்டார் டீச்சர். இரட்டை எண் சேர்த்தால் இரண்டால் போகும். ஐந்து சேர்த்தால் ஐந்தால் போகும். மிச்சம் ஒன்று, மூன்று, ஏழு, ஒன்பது. அதில் மூன்றும் ஒன்பதும் சேர்த்தால் கூட்டுத்தொகை மறுபடி மூன்றின் வாயில் விழும். ஆக ஒன்று, இல்லையென்றால் ஏழு. ரெண்டே பேர்தான் தேறினார்கள்.

"அந்த ரெண்டும் தேறலைன்னா?" என்று ஊசி கேட்டான். எப்போது முன் பெஞ்சில் உட்கார்ந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"அப்ப ரெண்டு இலக்கம் சேர்க்கணும். எத்தனை விதமா சேர்க்கலாம்னு பட்டியல் போடுங்க" என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார் டீச்சர். பிள்ளைகள் நாற்பது விதத்தில் தொடங்கி, மூன்றால் போகிறவற்றையெல்லாம் அடித்து, கடைசியில் இருபத்தாறைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மணி அடித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பாடத்து வாத்தியார் வாசலில் வந்து இருமிய பிறகுதான் கலைந்தார்கள்.

டீச்சருக்கு அடுத்த பீரியட் ஓய்வு. இருவரும் கணினி அறைக்குப் போனார்கள். அந்தக் காலத்து மனுஷன் மூச்சுப்பிடித்துப் போட்ட கணக்கை, இப்போது கணினி கண் இமைக்கிற நேரத்தில் சொல்லிவிடும். டீச்சர் எண்ணைத் தட்டினார். கடைசியில் ஒன்று சேர்த்தார். வகுபடும் என்றது திரை. ஏழு சேர்த்தார். அதுவும் வகுபடும்.

ஊசி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தான். டீச்சர் தட்டினார். திரை வகுபடும் என்றது. அவன் பென்சிலால் அடித்தான். ஐந்து போயிற்று, பத்து போயிற்று. பதினைந்துக்கு மேல் அவன் குரல் இறங்கிவிட்டது. இருபதை அடித்தபோது, இலையோ கொடியோ எது வைத்து அந்த வரியை மறைக்கலாம் என்று மனசுக்குள் வரையத் தொடங்கிவிட்டான்.

"இருபத்தி ரெண்டாவது சொல்லுங்க" என்றார் டீச்சர்.

சொன்னான். டீச்சர் தட்டினார். தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"என்ன டீச்சர், இதுவும் போச்சா?"

"பகா எண்" என்றார் டீச்சர். திரையில் விரலை வைத்து மறுபடி சொன்னார்: "பகா எண்தான்."

சந்தேகத்துக்கு இன்னொரு முறையில் சரிபார்த்தார். அதுவும் அதையே சொன்னது. மீதி நான்கையும் பார்த்தார்கள். நான்கும் வகுபட்டன. இருபத்தாறில் அந்த ஒன்று மட்டும்தான் நின்றது. கடைசி இலக்கம் ஒன்பது.

டீச்சர் நாற்காலியில் சாய்ந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பழைய எண்ணை உலகத்துல எத்தனையோ பேர் எழுதியிருக்காங்க. புத்தகத்துல இருக்கு, சுவத்துல இருக்கு. இந்த நாப்பத்தோரு இலக்கத்தை நமக்கு முன்னாடி யாராவது எழுதியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

"யாரு எழுதப்போறாங்க டீச்சர். நான் தப்பு பண்ணினாத்தானே."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேசையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

தோல் ஆறுவதற்கு மூன்று வாரம் காத்திருந்தார்கள். அந்த மூன்று வாரமும் ஊசிக்கு வேறொரு கவலை. மூன்று வரி, வரிக்குப் பதிமூன்று என்று கச்சிதமாக நின்ற எண் இப்போது நாற்பத்தொன்று. காகிதத்தில் நான்கு வரியாகப் போட்டுப் பார்த்தான், ஐந்து வரியாகப் போட்டுப் பார்த்தான், ஏழாகக்கூடப் போட்டான். எப்படிப் போட்டாலும் கடைசி வரி குறைவாகவோ கூடவோ வந்து பல்லை இளித்தது. ஏற்கெனவே குத்தியதை நகர்த்த முடியாது என்பது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் மனசு ஆறாமல் டீச்சருக்குப் போன் போட்டான்.

"எத்தனை வரியா பிரிச்சாலும் சமமா வரமாட்டேங்குது டீச்சர்."

"வராது. நாப்பத்தொண்ணும் பகா எண்தான்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் அதற்கு அப்படிச் சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் கவலை விட்டது. அந்த இரண்டு இலக்கத்தையும் கடைசி வரிக்குக் கீழே, மணிக்கட்டுப் பக்கம் இறக்கிவிட்டால், ஏணியிலிருந்து இறங்குகிற மாதிரி அழகாக இருக்கும் என்று தோன்றியது.

குறித்த நாளில் டீச்சர் தன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல ஆஜானுபாகுவான மனிதர். லாரி ஓட்டுகிறவர். அக்காவிடம் நகை விஷயத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். அக்காவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. 'இவ்வளவு நல்ல மனுஷன் வாங்கித் தரேன்னு சொல்லியும்' என்று அவள் கண்ணாலேயே டீச்சரைப் பார்த்தாள். அப்புறம் அவர் பின் அறைக்கு வந்து, மனைவியின் மறு கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வலிச்சா சொல்லும்மா" என்றார்.

ஊசி ஊதாக் கோட்டைப் பதித்தான். டீச்சர் பார்த்துச் சரி என்றார். அவன் அக்காவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னான். அக்கா தாளை வைத்து நாற்பத்தொன்றையும் வாய்விட்டுப் படித்துச் சரி என்றாள். லாரிக்காரரையும் பார்க்கச் சொன்னான். அவரும் சரி என்றார். பிறகுதான் இயந்திரத்தைப் போட்டான். அது உர்ரென்று ஓடத் தொடங்கி, முதல் துளி மை தோலில் இறங்கியதும், ஸ்டூலில் இருந்தவர் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தார்.

அக்கா ஓடிவந்து தோளைப் பிடித்தாள். ஒற்றை ஆளால் தாங்குகிற உடம்பா அது. பக்கத்துக் கடையிலிருந்து சாவிக்காரர் வந்து கால்மாட்டைப் பிடிக்க, இருவருமாகத் தூக்கி பெஞ்சில் படுக்கவைத்தார்கள். அக்கா நோட்டால் விசிறினாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல. தடுப்பூசி போடற இடத்துலயும் இப்படித்தான்" என்றார் டீச்சர். "நீங்க கையை எடுக்காதீங்க."

ஊசி கையை எடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒன்பதின் கழுத்து வளைவை ஒரே இழுப்பில் கொண்டுவந்து முடித்தான். துடைத்தான். விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தான். பிறகு பட்டியல் தாளோடு வைத்து இன்னொரு தடவை பார்த்தான். அதற்கப்புறம்தான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தான்.

பெஞ்சில் படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார். அக்கா நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டு, சுற்றியிருந்தவர்களை வெட்கத்தோடு பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க" என்றான் ஊசி. "இனிமே இதை யாராலயும் வகுக்க முடியாது."

அவர் மெதுவாக எழுந்து வந்து மனைவியின் கையைப் பார்த்தார். ஒரு விரலை நீட்டி, தோலில் படாமல், முதல் இலக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். பாதியில் வரி தப்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். சாவிக்காரரும் கடைக்குத் திரும்பாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஊசி கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனான். மத்தியானம் ஒருத்தர் பட்டாம்பூச்சி கேட்டு வருவதாக இருந்தது.